அடிடாஸ் சூப்பர்ஸ்டார்: ஹாலிஸ் தெருக்கள் பெயர் வாங்கித் தந்த காலணி

ஓடுவதற்கோ தொலைதூரம் நடப்பதற்கோ ஒரு ஜோடி ஷூ தேடுபவருக்கு அடிடாஸ் சூப்பர்ஸ்டாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேலைக்கு இதைவிட எடை குறைந்த, பாதத்துக்கு இதமான காலணிகள் இதே விலையிலும் இதற்குக் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. ஆனால் ஹிப் ஹாப் என்ற இசை, நடனப் பண்பாடு எப்படி உடையை மாற்றியது, ராக் இசையோடு எப்படிக் கை கோத்தது, ரசிகர்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் இடையே இருந்த உறவை எப்படித் தலைகீழாக்கியது என்பதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கும்படி ஒரு பொருள் வேண்டுமென்றால், இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் காலணியைச் செய்தது ஜெர்மனியின் ஹெர்ட்ஸோகெனாராஹ் நகரத்து நிறுவனம். அதற்கு இன்றுள்ள பெருமையைத் தேடித் தந்தவர்களோ நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்ற குடியிருப்பில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள். வாங்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அந்த வரலாற்றைத் தவிர்த்துவிட்டு விடை சொன்னால் அது அரைகுறையான விடையாகவே இருக்கும்.

காலணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அறிந்த வடிவம் வெள்ளைத் தோலால் ஆனது. இருபுறமும் ரம்பப் பல் விளிம்புடைய மூன்று கறுப்புப் பட்டைகள், அவற்றை ஒட்டிப் பொன்னிற எழுத்தில் பெயர், நாடாவுக்கு அடியில் உள்ள நாக்குப் பகுதியில் மூவிதழ்ச் சின்னம், விரல்களுக்கு மேலே சிப்பியின் வரிகளைக் கொண்ட ரப்பர் கவசம் என்று அதன் முகம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. கூடைப்பந்து ஆடுவோர் பெரும்பாலும் கேன்வாஸ் காலணிகளையே அணிந்திருந்த காலத்தில், 1969-70 வாக்கில், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் தோல் காலணியாக இது வெளிவந்தது. கரீம் அப்துல்-ஜப்பார் போன்ற பெரும் வீரர்கள் இதை அணிந்து ஆடினார்கள். முன்முனை ரப்பர் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. ஆடுகளத்தில் காலை இழுத்துத் திரும்பும்போது விரல்களையும் தோலையும் காப்பதற்காக வைக்கப்பட்டது. அடிப்பகுதியில் மீன்முள் வரிகள் ஓடுகின்றன. பக்கங்களில் மேலேறி வரும் ரப்பர் அடியை மேல்தோலுடன் சேர்த்துச் சுற்றிலும் தைத்திருப்பதால் இது எளிதில் பிரிந்து போவதில்லை.

இந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு. ரப்பர் முனை வளையாது. ஆகவே வளைவு முழுவதும் அதற்குப் பின்னால் உள்ள தோலில் விழுந்து, அங்கே மடிப்புக் கோடுகள் தோன்றும். அகன்ற பாதம் உடையவர்களுக்கு முனையின் விளிம்பு சுண்டுவிரல் பக்கம் அழுத்தும். நீளத்தில் இது பொதுவாகச் சற்றுப் பெரிதாகவே அமைவதால் அரை எண் குறைத்து வாங்குவோர் பலர். அகன்ற பாதம் இருந்தால் அவ்வாறு குறைக்காமல், கடையில் போட்டு நடந்து பார்த்தபின் வாங்குவதே நல்லது. நம் ஊர் வெயிலில் முழுத்தோல் காலணி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் பருத்திக் காலுறை இல்லாமல் இதை நாள் முழுவதும் அணிவது சிரமம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆடுகளத்தில் புதிய காலணிகள் வந்து இதைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு, இது தெருவுக்கு வந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியின் செட்ஜ்விக் அவென்யூவில், 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே ஹிப் ஹாப்பின் பிறப்பாகக் கொள்வது வழக்கம். அங்கிருந்து வளர்ந்த பிரேக் நடனக்காரர்கள் பூமா ஸ்வேட், சூப்பர்ஸ்டார் போன்ற தட்டையான அடியுள்ள காலணிகளைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஆனால் மேடையில் நிலைமை வேறாக இருந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ் போன்ற முன்னோடிக் குழுக்கள், ஃபங்க் என்ற நடன இசை வகைக் குழுக்களின் வழியில், ஆணி பதித்த தோலாடைகளையும் உயர்ந்த பூட்ஸ்களையும் அணிந்தே தோன்றின. பாடகர் என்றால் ரசிகரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்ற பழைய எண்ணம் அப்போதும் விலகவில்லை.

அதை விலக்கியவர்கள் ஹாலிஸைச் சேர்ந்த ஜோசப் சிம்மன்ஸ், டாரில் மெக்டேனியல்ஸ், ஜேசன் மைசெல் ஆகிய மூவர். ரன்-டி.எம்.சி. என்ற பெயரில் 1984இல் முதல் பாடல் தொகுப்பை வெளியிட்ட இந்த ராப் குழுவின் தோற்றத்துக்கு மூலம், ஜாம் மாஸ்டர் ஜே என்று அறியப்பட்ட மைசெல் அன்றாடம் தெருவில் உடுத்திய விதமே. கறுப்புத் தொப்பி, தோல் மேலாடை, கனத்த தங்கச் சங்கிலி, நாடா கட்டாமல் நாக்கை வெளியே தள்ளி அணிந்த சூப்பர்ஸ்டார் ஆகியவற்றைக் கண்ட மேலாளர் ரஸ்ஸல் சிம்மன்ஸ், மற்ற இருவரும் அதையே அணிய வேண்டும் என்று முடிவு செய்தார். ஹிப் ஹாப் உடை உலகுக்குத் தந்தவற்றுள் மிகப் பெரியது இந்த முடிவுதான் என்பது என் கருத்து. மேடையில் நிற்பவரும் எதிரே நிற்பவரும் ஒரே கடையில், ஒரே விலைக்கு, ஒரே காலணியை வாங்கலாம் என்ற நிலையை அது உருவாக்கியது.

நாடா இல்லாமல் அணிவது வெறும் ஒப்பனையாகப் பார்க்கப்படவில்லை. சிறையில் கைதிகளிடமிருந்து ஷூ நாடாக்களை வாங்கிவிடுவார்கள் என்பதால் அந்தத் தோற்றத்தைக் குற்றவாளிகளின் அடையாளமாகவே பெரியவர்கள் பலர் கண்டனர். குயின்ஸில் மருத்துவராக இருந்த ஜெரால்ட் டீஸ், இத்தகைய காலணி அணியும் இளைஞர்களைக் கண்டித்துப் பாட்டாகவே எழுதினார். 1986 மே மாதம் வெளிவந்த ‘ரெய்சிங் ஹெல்’ தொகுப்பில் உள்ள ‘மை அடிடாஸ்’ பாடல் அதற்கான மறுமொழி. எங்கள் காலணி லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியின் மேடையில் ஏறியிருக்கிறது, கல்லூரிக்குப் போயிருக்கிறது, திருட்டுக்குப் போனதில்லை என்பது அதன் சாரம். இன்று அதை விளம்பரப் பாட்டாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதை எழுதியபோது நிறுவனம் அவர்களுக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. தங்கள் பகுதி இளைஞர்கள்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கவே அவர்கள் பாடினார்கள். ஒரு காலணியின் மேல் இவ்வளவு தன்மானம் ஏறியிருந்தது என்பதை அறிந்தபின், அந்த மூன்று பட்டைகளை வெறும் வணிகச் சின்னமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்ட கதை. ஆயினும் சொல்லாமல் விட முடியாது. குழுவின் மேலாண்மையில் இருந்த லியோர் கோஹென், அடிடாஸ் அலுவலர் ஏஞ்சலோ அனஸ்தாசியோவை அந்த நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார். ‘மை அடிடாஸ்’ பாடல் வந்ததும் மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள் எழ, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தங்கள் காலணிகளைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். எந்த விற்பனை அறிக்கையும் சொல்லாத செய்தியை நிறுவனம் அன்று கண்ணால் கண்டது. அதன்பின் கையெழுத்தான, பத்து லட்சம் டாலர் அளவிலானது என்று கூறப்படும் ஒப்பந்தம், விளையாட்டு வீரர்களுக்கே உரியதாக இருந்த காலணி விளம்பர உலகத்தின் கதவை இசைக் கலைஞர்களுக்குத் திறந்தது. நாடாவின்றி அணியத் தோதாக உள்ளே எலாஸ்டிக் வைத்த அல்ட்ராஸ்டார் என்ற வடிவத்தையும் நிறுவனம் பின்னர் செய்தது. பழிக்கப்பட்ட வழக்கமே தயாரிப்பின் இலக்கணமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

‘ரெய்சிங் ஹெல்’ தொகுப்புதான் இசை வகைகளுக்கு இடையே இருந்த சுவரையும் இடித்தது. ஏரோஸ்மித் என்ற ராக் குழு 1975இல் வெளியிட்ட ‘வாக் திஸ் வே’ பாடலின் தொடக்கத்தில் வரும் டிரம்ஸ் பகுதி, தாளத்துக்கேற்ப வரிகளைப் பேசிப் பாடும் ராப் கலைஞர்களுக்கு முன்பே பழக்கமானது. அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி அதன்மேல் அவர்கள் பாடுவார்கள். பாடல் முழுவதையும் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலர், ஜோ பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து பாட வேண்டும் என்று வற்புறுத்தியவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். அது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை சென்றது. மங்கிக் கிடந்த ஏரோஸ்மித்துக்கும் மறுவாழ்வு தந்தது. அந்தப் பாடலின் காணொளியில் இரு குழுக்களையும் பிரிக்கும் சுவரை டைலர் உடைத்துக்கொண்டு வருகிறார். இந்தப் பக்கம் நிற்கும் ரன்-டி.எம்.சி.யின் கால்களில் மூன்று பட்டைகள். ராக் இசையை மட்டுமே கேட்டு வளர்ந்த வெள்ளையின இளைஞர்கள் பலர் ராப் பாட்டையும் இந்தக் காலணியையும் ஒரே பார்வையில் கண்டது அப்போதுதான்.

பிறகு நடந்தவை வேகமாகப் பரவின. பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவினர் இதன் உறவினமான கேம்பஸ் காலணியைத் தங்களுடையதாக்கினர். 1990களில் கலிஃபோர்னியாவின் கார்ன் குழு, ஹிப் ஹாப்பின் தாளத்தைக் கனத்த மெட்டல் கிதாருடன் சேர்த்ததோடு நில்லாமல், பாடகர் ஜோனதன் டேவிஸின் மூலம் அடிடாஸ் டிராக் சூட்டையும் மெட்டல் மேடைக்கு ஏற்றியது. நீண்ட தலைமுடியும் கறுப்புத் தோலாடையுமே மெட்டலின் சீருடை என்றிருந்த இடத்தில் அது சிறிய மாற்றமன்று. கார்ன் பின்னர் போட்டி நிறுவனமான பூமாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2023இல்தான் அடிடாஸ் அக்குழுவுடன் கூட்டு வரிசை ஒன்றை வெளியிட்டது. ஜப்பானில் நிகோ நிறுவிய ஏ பேதிங் ஏப் என்ற ஆடை நிறுவனம் 2003இல் சூப்பர்ஸ்டாரைத் தன் வழியில் மாற்றி வெளியிட்டது. ராப் பாடகி மிஸ்ஸி எலியட் 2004இல் ‘ரெஸ்பெக்ட் எம்.இ.’ வரிசையைக் கொண்டுவந்தார். பாடகர் ஃபாரல் வில்லியம்ஸ் 2015இல் இதே காலணியை 50 நிறங்களில் தந்தார்; கடை அலமாரியில் அது கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்த மூல வடிவத்தின் கம்பீரம் அவற்றில் ஒன்றுக்கும் வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்வது, எந்த நிறுவனமும் கற்றுக்கொடுக்காமல் ரசிகர்கள் வளர்த்த பழக்கங்கள். அகன்ற நாடாவை நீட்டி இஸ்திரி போட்டு, மடிப்பின்றிக் கோப்பது ஒரு கலையாக இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் ரப்பர் முனையின் வரிகளில் படிந்த அழுக்கை நீக்குவது இன்றும் தொடர்கிறது. பிரான்சில் தயாரான பழைய ஜோடிகளைத் தேடி அலைபவர்கள், நாக்கின் உட்புற எழுத்தைப் படித்து அதன் காலத்தைக் கணிப்பவர்கள், அட்டைப் பெட்டியைக்கூட எறியாமல் காப்பவர்கள் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. 2002 அக்டோபர் 30 அன்று ஜாம் மாஸ்டர் ஜே குயின்ஸில் தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ரசிகர்கள் மலர்களோடு இந்தக் காலணிகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ரன்-டி.எம்.சி. 2009இல், பெரும் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது. காலணிகளோடு வந்த அந்த ரசிகர்களின் அஞ்சலியை நான் அதற்கு ஒரு படி மேலாகவே வைப்பேன்.

இந்த வரலாற்றை நிறுவனங்கள் அளவுக்கு மீறி விற்கின்றன என்ற என் வருத்தத்தையும் மறைக்க விரும்பவில்லை. ரீபொக் 2003இல் ராப் பாடகர் ஜே-ஸீயின் பெயரில் எஸ். கார்ட்டர் காலணியைக் கொண்டுவந்ததிலிருந்து, பாடகரின் பெயரை முதலில் ஒப்பந்தத்தில் எழுதி, பிறகு ரசிகர்களைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. அடிடாஸ் ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டுடன் நடத்திய பெரும் வணிகம், யூதர்கள் குறித்து அவர் பேசிய வெறுப்புப் பேச்சுகளால் 2022 அக்டோபரில் முறிந்தது. ஒரு தனிமனிதரின் பெயரில் ஒரு காலணியின் முழு மதிப்பையும் ஏற்றி வைப்பதன் ஆபத்தை அது காட்டியது. சூப்பர்ஸ்டாருக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் மூல வடிவத்தின் மேல் எந்தப் பாடகரின் பெயரும் பொறிக்கப்படவில்லை. அதற்குரியவர்கள் அதை அணிந்த அத்தனை பேரும்தான்.

வாங்க விரும்புவோருக்கு என் பரிந்துரை இது. இந்தியாவில் முழு விலை பத்தாயிரம் ரூபாயை நெருங்குவதால், ஆண்டுக்குப் பலமுறை வரும் தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருப்பது வீணாகாது. சிறப்புப் பதிப்புகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். 1980களின் அச்சில் வரும் மெல்லிய நாக்குள்ள வடிவம் பாதத்தோடு ஒட்டி நேர்த்தியாக நிற்கும். பஞ்சு நிறைந்த தடித்த நாக்குள்ள வடிவம், நாடாவைத் தளர்த்தியோ நாடாவே இல்லாமலோ அணிய விரும்புவோருக்கு ஏற்றது. போலிகள் மிகுதியாகப் புழங்குவதால், பட்டைகளின் பல் விளிம்பு சீராக வெட்டப்பட்டுள்ளதா, ரப்பர் முனையின் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, அடியைச் சுற்றிய தையல் எங்கும் விடுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதல் சில வாரங்கள் தோல் விறைப்பாகவே இருக்கும். அலுவலகத்துக்கு வெள்ளைச் சட்டையுடனோ மாலையில் ஜீன்ஸுடனோ அணிந்து பழக்குங்கள். மழை நாளில் நனைந்தால் வெயிலில் காய வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர விடுங்கள்.