தாதோங்கில் கார் பேசும் முன்: தொங்கும் கோயில் சீட்டில் நடக்கும் ஏமாற்று

வடசீனாவின் ஷான்சி மாகாணத்தில் உள்ள தாதோங் நகருக்குப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே ஏமாறுகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ரயில் நிலைய வாசலிலோ விடுதி வரவேற்பு மேசையிலோ பேசி முடிக்கும் ஒருநாள் கார்தான் அது. "தொங்கும் கோயில், மரக்கோபுரம், சீட்டு எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் "சீட்டு எல்லாம்" என்பதில்தான் ஏமாற்று ஒளிந்திருக்கிறது.

தொங்கும் கோயில் ஹுன்யுவான் ஊருக்குப் பக்கத்தில், தாதோங்கிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செங்குத்தான பாறையில் துளை போட்டு, அதில் மரத் தூலங்களைச் செருகி, அவற்றின் மேல் கட்டிய கோயில். வட வெய் ஆட்சிக் காலத்தில், 491இல் தொடங்கியதாக வரலாறு. இங்கே சீட்டு இரண்டு வகை. வளாகத்துக்குள் நுழைந்து ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்க ஒரு சீட்டு, 15 யுவான் அளவில். படியேறிக் கோயிலுக்குள் நடக்க இன்னொரு சீட்டு, 100 யுவான் அளவில். முதலாவதை 'மென்பியாவ்' என்பார்கள், நுழைவுச் சீட்டு. இரண்டாவது 'தெங்லின் பியாவ்', ஏறும் சீட்டு. விலை கூடலாம், குறையலாம். இரண்டும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கார்க்காரர் தொகையில் சேர்த்திருப்பது பெரும்பாலும் முதல் சீட்டை மட்டும்தான். செல்பேசியில் ஒரு கியூஆர் குறியைக் காட்டுவார், வெளிவாசல் திறக்கும், நீங்களும் நிம்மதியாக உள்ளே போவீர்கள். அரைக் கிலோமீட்டர் நடந்து பாறையின் அடிக்குப் போனால், படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இன்னொரு தடுப்பு நிற்கும். அங்கே அந்தக் குறி வேலை செய்யாது. வண்டிக்குத் திரும்பி வந்து கேட்டால், "ஏறும் சீட்டு தீர்ந்துவிட்டது, கீழிருந்து பார்த்தால்தான் அழகு" என்பார். தீர்ந்தது உண்மையாகவே இருக்கும். ஏறும் சீட்டுக்குத் தினமும் ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. கோடை விடுமுறையிலும், அக்டோபர் 1 முதல் 7 வரையிலான தேசிய விடுமுறையிலும் அது நாள்கணக்கில் முன்பே போய்விடும். காலையில் உங்களை ஏற்றிக்கொள்ளும்போதே அவருக்கு இது தெரியும்.

அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே சிலர் நிற்பார்கள். 300 கொடுங்கள், 400 கொடுங்கள், ஏற்றிவிடுகிறேன் என்பார்கள். கொடுக்காதீர்கள். ஏறும் சீட்டு ஆளின் பெயருக்கும் அடையாள எண்ணுக்கும் கட்டப்பட்டது. வேறொருவர் பெயரில் வாங்கிய சீட்டு உங்கள் கடவுச்சீட்டோடு பொருந்தாது. பணம் கைமாறிய பிறகு அந்த ஆளைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

வெளிநாட்டார் இதில் அதிகம் சிக்குவதற்குக் காரணம் உண்டு. முன்பதிவு, செய்தி அனுப்பவும் பணம் கொடுக்கவும் சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலிக்குள் இருக்கும் சிறு பக்கத்தில் நடக்கிறது. அது சீனக் குடிமக்களின் 18 இலக்க அடையாள எண்ணை மனதில் வைத்துச் செய்தது. கடவுச்சீட்டு என்ற தெரிவு பட்டியலில் கீழே எங்கோ இருக்கும், சில நேரம் பெயர்க் கட்டம் ரோமன் எழுத்தை ஏற்காது. இரண்டு முறை முயன்று அலுத்துப்போனதும், "நானே வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிறவரை நம்பிவிடுகிறோம். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டு பலவற்றில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். படப்பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறது அல்லவா, அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். ரயில் சீட்டுக்கும் இதுவே. சீன ரயில்வேயின் 12306 தளத்தில் கடவுச்சீட்டைச் சரிபார்த்து முடித்த பிறகுதான் சீட்டு எடுக்க விடுவார்கள். அதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆகவே சீட்டு முதலில், கார் அதற்குப் பிறகு. ஏறும் சீட்டு உங்கள் பெயரில் கிடைத்த நாளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி காரைப் பேசுங்கள். உங்களால் பதிவு செய்ய முடியவில்லை என்றால் விடுதிக்காரரைச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் பதிவு முடிந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கடவுச்சீட்டு எண், ஏறும் சீட்டு என்ற சொல், நாள், நேரம் நான்கும் அதில் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை அதன் மேல் பிடித்தாலே சொல் தெரிந்துவிடும். நான்கில் ஒன்று குறைந்தாலும் முன்பணம் தராதீர்கள். மழை, பனி, பலத்த காற்று என்றால் படிக்கட்டை மூடிவிடுவார்கள். அப்போது சீட்டுப் பணம் வாங்கியவரின் கணக்குக்கே திரும்பும். வாங்கியவர் கார்க்காரர் என்றால் அது உங்களுக்கு வந்து சேராது.

கார் பேசுவதிலும் சில நுணுக்கம் உண்டு. முதலாவது, சொன்ன தொகை ஒரு காருக்கா, ஒரு ஆளுக்கா? காலையில் 400 என்று பேசி, மாலையில் நாலு பேருக்கு 1600 என்று நிற்பது பழைய வேலை. வாயால் பேசினால் எண்ணும் குழம்பும். சீன மொழியில் நான்கும் பத்தும், பதினான்கும் நாற்பதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழும். செல்பேசியில் எண்ணை அடித்துக் காட்டி, அதையே வீசாட்டிலும் அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் ஏறவேண்டும். செய்தி இப்படி இருக்கட்டும், மொழிபெயர்ப்புச் செயலி இதைச் சீனத்தில் ஆக்கிவிடும்: "மொத்தம் இத்தனை யுவான், ஒரு காருக்கு. எரிபொருள், சுங்கம், வண்டி நிறுத்தும் கட்டணம், ஓட்டுநர் சாப்பாடு எல்லாம் இதில் அடக்கம். நுழைவுச் சீட்டுகளை நாங்களே வாங்குவோம். கடை, வேறு கோயில் எதிலும் நிறுத்த வேண்டாம். பணம் தாதோங் திரும்பிய பிறகு." ஒத்துக்கொள்ளாத ஓட்டுநரை விட்டுவிடுங்கள், தாதோங்கில் கார்ப் பஞ்சம் இல்லை.

பணம் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டு அட்டை சேர்த்த அலிபே என்ற பணச் செயலியும் வீசாட்டும் கடைகளின் கியூஆர் குறிக்குத்தான் பணம் அனுப்பும். தனிமனிதர் கணக்குக்குப் பெரும்பாலும் போகாது. இது தெரியாமல் கடைசி நிமிடத்தில் திணறும்போது, பக்கத்துக் கடைக்காரரின் குறியைக் காட்டி "இதில் போடுங்கள், கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்பார்கள். 200 யுவானுக்கு மேல் போனால் வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதக் கட்டணம் வேறு. பேசிய தொகையை நோட்டாகச் சரியாக எடுத்து வைத்திருங்கள், சில்லறையும் சேர்த்து. சீனாவில் நோட்டை வாங்க மறுப்பது சட்டப்படி தவறு.

உரிமம் இல்லாத வாடகை வண்டியை அங்கே 'ஹெய் சே', அதாவது கருப்பு வண்டி, என்பார்கள். நிறத்தைச் சொல்லவில்லை, கள்ள வண்டி என்று பொருள். விலை மலிவு என்பதற்காக ஏறிவிடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு என்று காப்பீடு எடுத்த காரில் கூலிக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. ஹுன்யுவான் சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசையாக வரும், அவற்றை முந்திக்கொண்டு ஓட்டுவார்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேருந்தில் போனால் தப்பிக்கலாமே என்றால், அதிலும் ஒன்று இருக்கிறது. ஹுன்யுவான் பேருந்தை ஊருக்கு வெளியே சாலை ஓரத்தில் நிறுத்தி, "தொங்கும் கோயிலா, இங்கே இறங்கு" என்பார்கள். இறங்கினால் எதிரே டாக்சி தயாராக நிற்கும். மிச்சமிருப்பது சில கிலோமீட்டர்தான், ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் நிற்கிறீர்கள், கேட்ட விலை கொடுக்கவேண்டியதுதான். பேருந்து நிலையம் வரை உட்கார்ந்தே போங்கள். அங்கிருந்து மீட்டர் போட்ட டாக்சி எடுக்கலாம். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கியதும் சீட்டு ஜன்னலில் கேட்டுக்கொள்ளுங்கள், மாலை சீக்கிரமே முடிந்துவிடும். ஹெங் மலைக்கு வாயிலும் சீட்டும் தனி. கோயில் அதன் அடிவாரத்தில் இருப்பதால், மலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூடுதல் காசு கேட்பார்கள்.

யுங்காங் குகைகள், தொங்கும் கோயில், மரக்கோபுரம் மூன்றும் ஒரே நாளில் என்று ஒருவர் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். யுங்காங் நகருக்கு மேற்கே 16 கிலோமீட்டர். தொங்கும் கோயில் தென்கிழக்கே. மரக்கோபுரம் தெற்கே யிங்சியன் ஊரில். 460 வாக்கில் வெட்டத் தொடங்கிய யுங்காங் சிலைகளைக் காண மூன்று மணி நேரமாவது வேண்டும். தொங்கும் கோயிலில் ஏறுவதற்கு வரிசையே இரண்டு மணி நேரம் பிடிக்கும் நாட்கள் உண்டு, படிகள் ஒருவர் பின் ஒருவராகப் போகும் அகலம்தான். மூன்றையும் திணித்தால், ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். யுங்காங்குக்கு ஒரு நாளை ஒதுக்கி ஊர்ப் பேருந்திலேயே போய்விடலாம், கார் தேவையில்லை.

யிங்சியன் மரக்கோபுரம் 1056இல் லியாவ் அரசமரபுக் காலத்தில் எழுந்தது. உயரம் 67.31 மீட்டர். வெளியிலிருந்து ஐந்து தளம் தெரியும், இடையிடையே மறைந்த நான்கு தளங்களோடு உள்ளே ஒன்பது. இரண்டாம் தளத்து மரத்தூண்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் மேல்தளங்களை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தரைத்தளத்தில் மட்டும் நடந்து, 11 மீட்டர் உயரச் சாக்கியமுனி சிலையைப் பார்க்கலாம். மேலே அழைத்துப் போகிறேன் என்று யார் காசு கேட்டாலும் அது பொய். வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், கூரைக்குக் கீழே தூண்தலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாங்குகட்டைகள் வகை வகையாக இருக்கும். அவற்றைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஓட்டுநர் அவசரப்படுத்தினால் செய்தியில் பேசிய நேரத்தைக் காட்டுங்கள்.

தாதோங் நகருக்குள் 'பழைய நகர நடை' என்று விற்பதற்கும் காசு கொடுக்கவேண்டாம். 2008இல் மேயராக வந்த கெங் யன்போ காலத்தில் மதில் சுவருக்குப் புதிய செங்கல் போர்த்தப்பட்டது. வீதிகளும் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவைதான். பழையது வேண்டுமானால் ஹுவாயன் கோயிலின் 1038ஆம் ஆண்டுச் சுவடி மண்டபத்துக்குப் போங்கள். 1392இல் கட்டிய ஒன்பது நாகச் சுவரைப் பாருங்கள். இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம்.

மரக்கட்டடங்களுக்காகவே போகிறவர்கள் தெற்கே, பௌத்தத் தலமான வூதாய் மலைப் பக்கமும் போவார்கள். அங்கே ஏமாற்று வேறு மாதிரி. 782இல் கட்டிய நான்சான் கோயிலும், 857இல் எழுந்த ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபமும் தாய்ஹுவாய் கோயில் நகருக்குள் இல்லை. வெளியே, வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. 1937இல் கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் சிசெங்கும் லின் ஹுயினும் ஃபோகுவாங்கின் தூலத்தில் இருந்த மை எழுத்தையும் முற்றத்துக் கல்தூணையும் ஒப்பிட்டு அதன் காலத்தைக் கண்டார்கள். இவற்றைப் பார்க்க வூதாய் மலையின் பெரிய நுழைவுச் சீட்டு தேவையில்லை. வூதாய் வட்டத்தின் தெற்குப் பக்கமாக வந்தால் அந்த வாயிலைத் தொடவே மாட்டோம். தாய்ஹுவாய் வழியாகப் போகவேண்டும் என்று ஓட்டுநர் அடம்பிடித்தால், அந்த வழியில் அவருக்குத் தெரிந்த கோயிலோ கடையோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஃபோகுவாங்கைக் குறித்து, வழியை அவர் முன்பே போடுங்கள். 'வூதாய்ஷான்' என்ற பெயருள்ள பழைய ரயில் நிலையம் ஷாஹெ ஊரில் இருக்கிறது. கோயில் நகரிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் வடக்கே. இதை நம்பி இறங்கி, காருக்குக் கேட்ட காசைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

வூதாய் மலையில் 2012இல் போலித் துறவிகளை வைத்துப் பணம் பறித்த இரண்டு கோயில்களை அரசே மூடியது. நடக்கும் விதம் இது: உள்ளே நுழைந்ததும் ஒருவர் கையில் ஊதுபத்தியைத் திணிப்பார். குறி பார்ப்பார். "குடும்பத்தில் ஒருவருக்கு ஆபத்து" என்பார். கழிக்கப் பெரிய தூபம் ஏற்றவேண்டும் என்பார், அதன் விலை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். கையை நீட்டாதீர்கள், பெயரும் பிறந்த நாளும் சொல்லாதீர்கள். ஓட்டுநர் "இந்தக் கோயிலில் வேண்டினால் பலிக்கும்" என்று தானாக நிறுத்தும் இடத்தில் இறங்கவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் முறையிட வழி இருக்கிறது. கார், டாக்சி என்றால் 12328. கடை, சீட்டு, விடுதி என்றால் 12315. எதற்கு என்று தெரியாவிட்டால் நகராட்சி அழைப்பு எண் 12345. மிரட்டல் என்றால் 110. பயண நிறுவனம் மலிவு விலை காட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருள் வாங்க வைத்தால், 2013ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிப் பணம் கேட்கலாம். கேட்பதற்கு 'ஃபாபியாவ்' என்ற ரசீது கையில் இருக்கவேண்டும், வெறும் கைச்சீட்டு போதாது. கார் விஷயத்தில் அவர்கள் முதலில் கேட்பது வண்டி எண்தான். ஆகவே காலையில் ஏறும் முன், எண் பலகை தெரியும்படி வண்டியின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து, அதே வீசாட் உரையாடலில் ஓட்டுநருக்கே அனுப்பிவையுங்கள்.