பழைய டபுள் பேஸ் அசலா என்று பார்த்துச் சொல்லும் பட்டறை: என் அனுபவம்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் "இத்தாலி, 18ஆம் நூற்றாண்டு" என்று சொல்லித்தான் இந்த டபுள் பேஸை (வயலின் குடும்பத்திலேயே பெரிய, ஆழ்ந்த சத்தம் தரும் வாத்தியம்) எனக்கு விற்றார்கள், உள்ளே ஒட்டியிருந்த லேபிளிலும் அப்படியே இருந்தது, நானும் நம்பிவிட்டேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் மதிப்பீடு கேட்டதால் போன மாதம் தெற்கு லண்டனில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பெரியவர் லேபிளை முதலில் பார்க்கவே இல்லை. முதுகுப் பலகையைத் தடவிப் பார்த்தார், தலைப்பக்கம் அடைத்த ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடினார் (மூன்று தந்தி பேஸை நாலாக மாற்றியிருந்தால் அங்கே தெரியுமாம்), அப்புறம்தான் மேல் பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் துளை வழியாகச் சின்னக் கேமராவை உள்ளே விட்டார். திரையில் நானே பார்த்தேன்: லேபிளின் கீழ் ஓரம் கத்தரித்த மாதிரி நேராக நிற்கிறது, ஆனால் பசைக் கறை அதற்குக் கீழேயும் ஒரு விரல் அகலத்துக்குப் போகிறது. கடைசி வரியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். 1887இல் பிரிட்டனில் வந்த சட்டத்துக்குப் பிறகு ஜெர்மன் சரக்குகளில் நாட்டின் பெயர் போட ஆரம்பித்தார்கள், வெட்டுப்பட்டது அந்த வரியாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், அடித்துச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மேல் பலகை மரத்தில் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களைப் படமெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில்: கடைசி வளையம் 1868இல் வளர்ந்தது. அதற்கு முன்னால் இந்தப் பேஸைச் செய்திருக்கவே முடியாது. கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஜெர்மனியின் சாக்சனி, அங்கே வாத்தியம் செய்யும் ஊரான மார்க்நாய்கிர்ஷன் பக்கத்து வேலை என்பது அவர் கணிப்பு.

எனக்கு முகம் வாடிவிட்டது. அப்போது அவர், இசை நடத்துநர் கூசெவிட்ஸ்கி வைத்திருந்து, பிறகு அவர் மனைவி மூலம் பேஸ் கலைஞர் கேரி கார் கைக்கு வந்த பேஸைப் பற்றிச் சொன்னார். 1611இல் இத்தாலியின் பேர்போன வயலின் கைவினைஞர்கள் அமாட்டி சகோதரர்கள் செய்தது என்று உலகமே நம்பியது, வளையங்களை எண்ணிப் பார்த்தால் 1761 வரை வருகிறது. அதன் நாதத்தை அதற்கப்புறமும் யாரும் குறை சொல்லவில்லை.

எழுத்தில் நாலு பக்க அறிக்கை, படங்களோடு. கட்டணம் 180 பவுண்டு, வளைய ஆய்வுக்குத் தனி. என் பார்வையில் நியாயமான விலை, இதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். பட்டறை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, பேஸோடு போகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள்.