போட்டோரெக்: படம் வரும், பெயர் வராது

லேப்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் வரவில்லை, குழந்தை படமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று நண்பர் ஒருவர் கேட்டதால், தொலைந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளைப் பற்றி இதை எழுதுகிறேன். சிஸ்டம்ரெஸ்க்யூ (விண்டோஸ் இல்லாமலே மெஷினைத் துவக்கி, மீட்புக் கருவிகளை ஓட்டும் லினக்ஸ்) போட்ட பென்டிரைவ் ஒன்று பல வருடமாக என்னிடம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் எந்த மெஷின் படுத்தாலும் அதுதான் போகும்.

டிஸ்கில் பெண்டிங் செக்டர்கள் (படிக்கத் திணறும் இடங்கள்) ஏறிக்கொண்டே போகிறதென்றால் விண்டோஸின் செக்டிஸ்க் பக்கமே போகாதீர்கள். ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை, ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை. உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகல் கருவியில் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, படிக்க முடியாத இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். எதுவரை முடிந்தது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். அந்த மேப் ஃபைல் வெளி டிஸ்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் கருவி. பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) மட்டும் போயிருந்தால் ஃபோல்டர், பெயர் எல்லாம் அப்படியே கிடைக்கும். கிடைக்காவிட்டால்தான், டெஸ்ட்டிஸ்கை எழுதிய அதே கிரிஸ்டோஃப் கிரெனியே எழுதிய போட்டோரெக்.

இங்கேதான் எரிச்சல். போட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஃபைலின் தலைப்பகுதியை வைத்து அடையாளம் கண்டு எடுக்கிறது. ஃபார்மட் ஆன டிஸ்கிலிருந்தும் படம் வருவது அதனால்தான். சரி, அதற்காக இப்படியா? ஃபைல் பெயர் என்றால் 'எஃப்' என்ற எழுத்து, பின்னால் டிஸ்கில் அது கிடந்த செக்டர் எண். ஒரு ஃபோல்டருக்கு 500 ஃபைல். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் பிரவுசர் தானாகச் சேமித்த கேஷில் கிடந்த ஷாப்பிங் தளத்துச் செருப்பு, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஐகான். 'டி' என்று தொடங்குபவை வெறும் தம்ப்நெயில், படத்தின் குட்டி நகல். ஆசையாகத் திறந்தால் தபால்தலை அளவில் ஒரு முகம். மீட்பது ஓர் இரவு, பிரிப்பது மாதக்கணக்கு. பெயர்கள் ஃபைலுக்குள் இல்லை, டைரக்டரியில்தான் இருக்கும், அதனால் கருவி மீது தப்பில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஒரே ஆறுதல், கேமரா படங்களில் எக்ஸிஃப் தேதி (எடுத்தபோது கேமரா படத்துக்குள் எழுதியது) இருந்தால் ஃபைலுக்கும் அதே தேதியைப் போட்டுவிடும். தேதிவாரியாக அடுக்கினால் ஓரளவு பிடிபடும்.

எல்லாம் இலவசம், கேட்ட வேலையைச் செய்தது. இருந்தும் போட்டோரெக்குக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். போன தடவை பிரித்த வலி இன்னும் போகவில்லை.

நண்பருக்கு: உங்களுடையது எஸ்எஸ்டி என்றால், டிரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை) ஓடியிருந்தால் அழித்தவை திரும்ப வராது, அழிக்காதவை வரலாம். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முதலில் தேடி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா பாருங்கள். அதுவரை லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.