செல்வி பவளம், வயது 11

விமானம், கோவையிலிருந்து கார், வீட்டுச் சாப்பாடு எல்லாம் குறையில்லாமல் நடந்தன. ஈரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் நின்ற இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பவளம் பெரியப்பாவின் குதிரை. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. நான் பிரிஸ்பேனிலிருந்து வந்த மறுநாள் காலை கொட்டகைக்குப் போனால், முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு நிற்கிறாள். கயிற்றைப் பிடித்துத் திருப்பினால் சுடுமணலில் நடப்பவளைப் போலக் காலை வைக்கிறாள். பிடரிக்கு அடியில் கொழுப்பு கெட்டியாகப் புடைத்திருக்கிறது. "கழுத்தைப் பார் கண்ணு, என்ன திடம்!" என்றார் பெரியப்பா. அங்கே என் மகள் ஏறும் மட்டக் குதிரைக்கும் இதே கழுத்துதான் இருந்தது. அதைக் கண்ட அன்றே மருத்துவர் தீவன வாளியைப் பிடுங்கிவிட்டார்.

லாடக்காரருக்குச் சொல்லியனுப்பியதும் ஆறரை மணிக்கே வந்துவிட்டார். பிரிஸ்பேனில் இதற்கு மூன்று வாரம் முன்பதிவு வேண்டும். கணுவுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார். "நாடி குத்துகிறது. இரண்டிலும்." பிறகு இடுக்கியை எடுத்து, உள்ளங்குளம்பின் முன்பாதியில் மெல்ல அழுத்தினார். பவளம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சீழ் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஒரு காலைத்தான் தூக்குவாள்" என்றவர், குளம்புச் சுவரில் ஓடிய வரிகளைக் காட்டினார். முன்னால் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தன. இது லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் வரும் அழற்சி; அதுவும் நேற்று வந்ததில்லை என்று அர்த்தம். "வெல்லம் கொடுக்கிறீர்களா?" பெரியப்பா ஓட்டுக்கூரையை எண்ண ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெரியம்மா தன் சர்க்கரைக் கருவியோடு வந்தார். ஒரு சொட்டு ரத்தம். 94. "சர்க்கரையே இல்லை, சும்மா பயப்படாதீர்கள்" என்று தீர்ப்பு. ஊரே தலையாட்டியது. இங்கேதான் மனிதக் கணக்கு குதிரையிடம் தோற்கிறது. இந்த நோயில் குதிரைக்கு ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். எகிறி நிற்பது இன்சுலின். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாக இருந்த மட்டக் குதிரைகளுக்குச் சர்க்கரையை ஏறாமலும் இறங்காமலும் வைத்துக்கொண்டு இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றினார்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றின் குளம்புகள் நோவெடுத்துவிட்டன.

கால்நடை மருத்துவர் இன்சுலின் என்றதும் புரிந்துகொண்டு, ரத்தம் எடுத்து, அதன் தெளிநீரான சீரத்தையும் பிரித்துக் கொடுத்தார். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஈரோட்டுக்கு ஓடினேன்.

"நோயாளி பெயர்?"

"பவளம். குதிரை."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கணினியில் குதிரைக்கு இடமில்லை. திரு, திருமதி, செல்வி என்று மூன்றுதான் இருந்தன. மேலாளர் வந்தார். அவருக்கு மேல் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து "செல்வி பவளம், வயது 11, பெண்" என்று ரசீது வந்தது. பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

"வெறும் வயிற்றில் எடுத்ததா?"

"இல்லை. புல் தின்றபிறகு. தானியம் மட்டும் கொடுக்கவில்லை."

"அப்படியென்றால் நாளை வெறும் வயிற்றில் அழைத்து வாருங்கள்."

பட்டினி போட்டால் இன்சுலின் இறங்கி, இருக்கும் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பிரிஸ்பேனில் இதற்கென்றே படிவம் உண்டு; அதில் கடைசியாகத் தின்றது வைக்கோலா தானியமா என்று கேட்கும். (அங்கே ஒரு பற்பசை வாங்குவதற்குக்கூடப் படிவம் உண்டு என்பது வேறு கதை.) மனித இன்சுலினுக்கான கருவிகளில் சில குதிரை இன்சுலினைச் சரியாக அளக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதை அங்கே வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மாலையில் முடிவு வந்தது: இன்சுலின் 142. கீழே, "நீரிழிவு நிபுணரை அணுகவும், தினமும் நடைப்பயிற்சி நல்லது." வலியாலும் இன்சுலின் கொஞ்சம் ஏறும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆனால் புல் தின்ற குதிரைக்கு 50 தாண்டினாலே சந்தேகப்படவேண்டும். நடைப்பயிற்சியை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றார்.

வெல்லமும் கொள்ளும் தவிடும் நின்றன. கொழுக்கட்டைப் புல்லை அரைமணி நேரம் ஊறவைத்து, சர்க்கரை கரைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுகிறார்கள். கொட்டகையில் கணுவளவு மணல் பரப்பியாயிற்று. நான் கிளம்பும் நாளில் பவளம் பாதிச் சுற்று திரும்பினாள். பெரியம்மா முந்தானையில் ஒரு கட்டி வெல்லத்தை முடிந்து வைத்திருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

போன வாரம் பெரியப்பா அழைத்தார். அவருடைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதாம்: "அன்புள்ள செல்வி பவளம், முழு உடல் பரிசோதனைக்கு 20 சதவீதத் தள்ளுபடி." போகலாமா என்று கேட்கிறார்.