ஜோர்டான் பதினொன்று, சாண்டர்சன் மூன்று: வீல் ஆஃப் டைம் வாசகர்களின் தீராத வழக்கு

வீல் ஆஃப் டைம் என்ற பதினான்கு பாக ஃபேண்டஸி நாவல் தொடரைப் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பதினோராம் பாகம் வரைக்கும் பேச்சு சுமுகமாகப் போகும். பன்னிரண்டைத் தொட்டதும் கட்சி பிரிந்துவிடும். ராபர்ட் ஜோர்டான் இறந்தபிறகு பிராண்டன் சாண்டர்சன் எழுதிய கடைசி மூன்று பாகங்கள்தான் தொடரையே கரை சேர்த்தன என்பார் ஒருவர். கதை அதேதான், ஆனால் பேசுவது வேறு யாரோ என்பார் இன்னொருவர். இவர்கள் இருவரையும் ஏற்காத மூன்றாவது ஆளும் இருப்பார்: எழுதியவர் போய்விட்டால் கதையும் அங்கேயே நிற்கட்டும், இன்னொருவர் கை வைக்கவே கூடாது என்று. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அது ஒரே அளவு நியாயம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொடர் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் 1990-இல் வந்தது. ஜோர்டானின் சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, ஊர் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன், வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். 2005-இல் பதினோராம் பாகம் வந்தது. அடுத்த ஆண்டே தனக்கு அமிலாய்டோசிஸ் என்று வாசகர்களிடம் அறிவித்தார், வேண்டாத புரதம் இதயத் தசையில் படிந்து அதை இறுக்கிவிடும் அபூர்வமான நோய் அது. 2007 செப்டம்பர் 16 அன்று 58 வயதில் இறந்தார். ஆனால் சும்மா போகவில்லை. எழுத முடியாத நிலை வந்தபிறகும் கதை எப்படி முடிய வேண்டும் என்று குடும்பத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். முழுதாக எழுதிய சில காட்சிகள், அரைகுறையாக எழுதியவை, வெறும் குறிப்புகள் என்று ஒரு குவியலையே விட்டுச் சென்றார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் முதல் பாகத்திலிருந்து அவருடைய எடிட்டரும். ஜோர்டான் இறந்ததும் சாண்டர்சன் எழுதிய அஞ்சலி ஹாரியட் கண்ணில் பட்டது, அப்புறம் சாண்டர்சனுடைய மிஸ்ட்பார்ன் நாவலைப் படித்துவிட்டு, அவரையே எழுதத் தேர்ந்தெடுத்தார். சாண்டர்சனுக்கு அப்போது முப்பத்தொரு வயதுதான், பள்ளி நாளிலிருந்தே இந்தத் தொடரின் வாசகர்.

இனி வருவதில் முடிவு வரைக்கும் ஸ்பாய்லர் இருக்கிறது.

நடை

இதில் ஜோர்டான் கட்சியினர் சொல்வது சரி. மறுப்பதற்கே இடமில்லை. ஜோர்டான் ஒரு அறைக்குள் ஒருவரை நுழைய விட்டால், அவர் வாய் திறப்பதற்கு முன் சட்டை மார்பில் குறுக்காக எத்தனை வண்ணப் பட்டைகள் இருக்கின்றன என்று சொல்வார். கைரியன் நாட்டுப் பிரபு ஒருவரின் அந்தஸ்து எவ்வளவு என்பது அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது. யார் யாருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், யார் தேநீரைத் தொடாமல் வைத்தார்கள் என்பதிலேயே பாதி அரசியல் முடிந்துவிடும். நைனீவ் என்ற பெண் தன் சடைப் பின்னலைப் பிடித்து இழுப்பது இத்தனை பாகங்களிலும் வந்து வந்து சிலருக்கு எரிச்சல் ஆகியிருக்கலாம், ஆனால் அவள் கை பின்னலுக்குப் போகிறது என்றாலே அடுத்து என்ன வெடிக்கப் போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் சொல்வது ஜோர்டானின் பலம்.

சாண்டர்சன் சொல்லியே சொல்வார். வாக்கியம் சின்னது, காட்சி வேகமானது, ஒரு பாத்திரம் கோபமாக இருந்தால் கோபம் என்றே எழுதிவிடுவார். அவரே பன்னிரண்டாம் பாகத்தின் முன்னுரையில், ஜோர்டானைப் போல எழுதிக் காட்ட முயலவில்லை, என் நடையை இந்தக் கதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நேர்மையான முடிவு, சரியான முடிவும்கூட. பெரிய எழுத்தாளரின் நடையை அச்சாக எடுக்கப் போகிறவர் கடைசியில் அவருடைய பழக்கங்களை மட்டும்தான் எடுக்க முடியும், மூன்று பாகம் முழுக்கப் பின்னலை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் யார் படிப்பது?

வேகத்தைப் பற்றிப் பேசும்போது பத்தாம் பாகத்தைத் தாண்டிப் போக முடியாது. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் கதாநாயகன் ரேண்ட் ஒரு மாபெரும் காரியத்தைச் செய்கிறான், 2003-இல் வந்த பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த இழுவையைத் தாங்கியவர்களுக்குச் சாண்டர்சனின் வேகம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்த வேகத்தின் பெருமை முழுவதும் அவருக்கே சேரும் என்று சிலர் பேசுகிறார்களே, அது அநியாயம். பதினோராம் பாகத்திலேயே ஜோர்டான் வேகம் எடுத்துவிட்டார், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

மேட்

சாண்டர்சனுக்கு எதிரான வழக்கில் முதல் சாட்சி ரேண்டின் நண்பன் மேட் காத்தன்தான். ஜோர்டானின் மேட் தன்னைப் பற்றியே தனக்குப் பொய் சொல்லிக்கொள்பவன். நான் வீரன் இல்லை, இந்தச் சண்டையில் எனக்கு வேலை இல்லை, முதல் வாய்ப்பில் ஓடிவிடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, கால்கள் அவனை ஆபத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். சிரிப்பு வருவது அந்த இடைவெளியில்தான், அவன் ஜோக் அடிப்பதில்லை.

பன்னிரண்டாம் பாகத்து மேட் ஜோக் அடிக்கிறான். வந்ததும் வராததுமாகப் பெண்கள் கோவேறு கழுதை மாதிரி, இல்லையில்லை ஆடு மாதிரி என்று தன் படைத்தளபதி டால்மேன்ஸிடம் ஒரு நீண்ட பிரசங்கம். கொஞ்சம் தள்ளி, ஒரு ஊருக்குள் வேஷம் போட்டுப் போவதற்காகத் தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போலி வாழ்க்கை வரலாற்றையே எழுதி நீட்டுகிறான். அடுத்த பாகத்தில் அரசி எலெய்னுக்கு எழுதும் கடிதத்தில் பிழைக்கு மேல் பிழை. தனியாக எடுத்தால் சிரிப்பு வரும் காட்சிகள்தான், வேறொரு நாவலில், வேறொரு கோமாளிக்கு. மேட்டைப் பிடிக்க தான் திணறியதைச் சாண்டர்சனே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாத்திரத்தின் வேடிக்கை எங்கிருந்து வருகிறது என்பது வாசகராக இருந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கும், எழுத உட்காரும்போது அது கைக்கு வரவில்லை. கடைசிப் பாகத்தில், படைகளை நடத்தும் மேட் எவ்வளவோ தேவலை. போர்க்களத்தில் பேச நேரம் இல்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எக்வீன், ரேண்ட்

இங்கே கணக்கு மாறுகிறது. மந்திரம் தெரிந்த பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்தில் கைதியாக இருக்கும், ரேண்டின் ஊர்க்காரி எக்வீன் கதை ஜோர்டானின் பதினோராம் பாகத்தில் தொடங்கி சாண்டர்சனின் பன்னிரண்டில் முடிகிறது. அவளுக்குப் புதுமுக மாணவியின் வெள்ளை உடை, தினமும் அடி. கோபுரத் தலைவி எலைடாவின் விருந்தில் பரிமாறும் வேலைக்காரியாக நிற்க வைக்கப்பட்டு, அதே மேசையில் எலைடாவின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிறாள். கடல் கடந்து வந்த ஷான்சான் படை இரவில் கோபுரத்தைத் தாக்கும்போது, அவளைச் சிறை வைத்தவர்கள் சிதறி ஓட, இவள் சின்னப் பெண்களைத் திரட்டிக்கொண்டு நின்று சண்டை போடுகிறாள். எங்கே ஒரு கை முடிந்து இன்னொரு கை தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். வாக்கியத்தில் கண்டுபிடிக்கலாம், எக்வீனிடம் கண்டுபிடிக்க முடியாது.

ரேண்டைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்வேன். பன்னிரண்டாம் பாகத்தில் அவன் கல்லாக இறுகிக்கொண்டே போகிறான். கட்டுப்படுத்தும் கழுத்துப்பட்டையைப் பூட்டி, அவன் கையாலேயே காதலி மின்னின் கழுத்தை நெரிக்க வைக்கிறார்கள், அதற்குப்பின் அவன் எதையும் உணர மறுக்கிறான். வளர்த்த அப்பா டாம் பல காலத்துக்குப் பிறகு வந்து நிற்கிறார், பேச்சு தடித்து, அப்பாவையே கொன்றுவிடும் அளவுக்குப் போய், தான் என்ன செய்யப் பார்த்தோம் என்று உணர்ந்து ஓடுகிறான். அந்த ஓட்டம் டிராகன் மவுன்ட் என்ற மலையின் உச்சியில் முடிகிறது. உலகத்தையே அழித்துவிடலாமா என்று தன்னோடு தானே வாதாடி, கடைசியில் சிரிக்கிறான். பல பாகங்களாக அவன் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். இந்த மூன்று பாகங்களில் ஒரே ஒரு அத்தியாயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் என் கை அங்கேதான் போகும். சாண்டர்சனை வெறுக்கும் வாசகர்களில்கூட இந்த அத்தியாயத்தைக் குறை சொல்பவர்கள் குறைவு.

மந்திரம், விடுபட்டவை

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கதவுபோல வாயில் திறக்கும் மந்திரத்தை ஜோர்டான் பெரும்பாலும் பயணத்துக்குத்தான் வைத்திருந்தார். சாண்டர்சன் அதை உருட்டிப் புரட்டிப் பார்க்கிறார்: வானத்தில் படுக்கையாக ஒரு வாயிலைத் திறந்து அதன் வழியே போர்க்களத்தை மேலிருந்து பார்க்கிறார்கள், ஆன்ட்ரால் என்ற மந்திரவாதி எரிமலைக்குள் ஒன்றைத் திறந்து எதிரிகள் மேல் தீக்குழம்பைக் கொட்டுகிறான். இது சாண்டர்சனின் சொந்தப் புத்தகங்களிலிருந்து வந்த வாசனை, பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முன்பு அவ்வளவாக வராத ஆன்ட்ராலுக்குக் கடைசிப் பாகத்தில் அத்தனை இடம் கொடுத்துவிட்டு, இருபது வருடம் காத்திருக்க வைத்த பேடன் ஃபெயின் என்ற வில்லனை அவசர அவசரமாக முடித்தது நியாயம் இல்லை. தொடக்கத்தில் ரேண்டுக்கு வழிகாட்டிய மொய்ரெய்ன் திரும்பி வந்தும் அவளுக்குப் பெரிதாகப் பேச வாய்ப்பு கொடுக்கவில்லை. ஆஸ்மோடியன் என்ற வில்லனைக் கொன்றது யார் என்று ஐந்தாம் பாகத்திலிருந்து வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை வந்த இடம் பதின்மூன்றாம் பாகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவில்!

ஒரே பாகத்தை மூன்றாக உடைத்தது பணத்துக்காக என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஜோர்டான் ஒரே பாகம்தான், பதிப்பாளர் புது பைண்டிங் முறையே கண்டுபிடிக்க வேண்டி வந்தாலும் சரி என்று சொல்லியிருந்தார் என்பது உண்மை. ஆனால் 2009, 2010, 2013 ஆண்டுகளில் வந்த மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 2500 பக்கம். கடைசிப் போர் என்ற ஒரு அத்தியாயம் மட்டும் கிட்டத்தட்ட 200 பக்கம் போகிறது. இதை ஒரே அட்டைக்குள் அடைத்திருந்தால் இன்னும் எத்தனை பேருடைய கதை சொல்லடைவுக்குப் போயிருக்குமோ.

எழுதாமலே விட்டிருந்தால்?

மூன்றாவது கட்சி எப்போதும் காட்டும் உதாரணம் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை ஃபேண்டஸி தொடரை எழுதிய டெரி பிராட்செட். 2015-இல் அவர் இறந்தார், முடிக்காத எழுத்துகள் இருந்த அவருடைய ஹார்ட் டிஸ்கை, அவர் விருப்பப்படியே, 2017-இல் டோர்செட் நீராவி இயந்திரத் திருவிழாவில் ஒரு பழைய ரோட் ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். டிஸ்க்வேர்ல்ட் அத்தோடு நின்றது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் டிஸ்க்வேர்ல்டின் ஏறக்குறைய ஒவ்வொரு நாவலும் தனக்குள் முடிந்துவிடுகிறது. நாற்பத்து ஒன்றுக்குப் பிறகு நாற்பத்து இரண்டு வரவில்லை என்றால் நாம் இழப்பது இன்னொரு நல்ல நாவலை, ஒரு முடிவை இல்லை. வீல் ஆஃப் டைம் அப்படி இல்லை. கடைசிப் போர் வரும் வரும் என்று முதல் பாகத்திலிருந்து வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்த கதை அது. பதினோரு பாகம் நடந்தவனை அங்கே நிறுத்தி, இதற்குமேல் வழி இல்லை என்று சொல்ல ஜோர்டானுக்கே மனம் வரவில்லை, அதனால்தான் படுக்கையில் கிடந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் விரும்பியதை இல்லாமல் ஆக்கும் உரிமை வாசகர்களாகிய நமக்கு எங்கிருந்து வந்தது?

மறுபக்கம் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் தொடர் இருக்கிறது. அது அறிவியல் புனைவு, என்றாலும் வழக்கு இதேதான். அவர் 1986-இல் இறந்தார். மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து, வங்கிப் பெட்டகத்தில் கிடைத்த குறிப்பை வைத்து 2006-லும் 2007-லும் இரண்டு முடிவு நாவல்கள் எழுதினார்கள். அந்த முடிவில் வரும் எதிரிகள் யாரென்று பார்த்தால், இவர்கள் இருவரும் எழுதிய முன்கதைகளில் வந்த இயந்திரங்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட் நினைத்தது இதுதானா என்று வாசகர்கள் சந்தேகப்படுவதில் ஆச்சரியமே இல்லை. வீல் ஆஃப் டைமில் அந்தச் சந்தேகம் இந்த அளவு எழவில்லை. முதல் பாகத்தைத் திருத்திய அதே ஹாரியட் கடைசிப் பாகத்தையும் திருத்தினார், ஜோர்டானின் உதவியாளர்கள் மரியா சைமன்ஸும் ஆலன் ரோமன்சுக்கும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள். முடிவுரையின் பெரும்பகுதி ஜோர்டானே எழுதி வைத்தது. ரேண்ட் புகைக்குழாயைப் பற்றவைக்கும் அந்தப் புதிரான காட்சியைச் சாண்டர்சன் விளக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டார். அடுத்தவர் தொடரை எடுத்து எழுதுபவரிடம் நான் எதிர்பார்ப்பது இந்த அடக்கத்தைத்தான், ஒரே மாதிரி நடையை அல்ல.

கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரையும் சாண்டர்சனிடம் கொடுத்துவிடலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, ஆறாவதை மார்ட்டின் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் இருக்கிறார், அவர் கேட்கவில்லை. சாண்டர்சனும் அந்த வேலைக்குத் தான் சரிப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதே தப்பு.

பதினோராம் பாகத்தை முடித்துவிட்டு, அடுத்ததை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் எக்வீன் வரும் அத்தியாயங்களைப் பதினொன்றில் இன்னொரு முறை படித்துவிட்டு, கையோடு பன்னிரண்டில் தொடருங்கள். அது ஒத்துப்போனால் மேட்டின் பிரசங்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். ஒத்துப்போகவே இல்லை என்றால், கடைசிப் பாகத்தின் முடிவுரையை மட்டுமாவது எடுத்துப் படித்துவிடுங்கள், அதில் பெரும்பகுதி ஜோர்டானுடையது.