கேஸ் போகவில்லை, தண்ணீர்தான் போகவில்லை: ஒரு ஃப்ரிட்ஜோடு பல வருடங்கள்

2014இல் வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் எங்கள் தூத்துக்குடி வீட்டுச் சமையலறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுமார் 250 லிட்டர் கொள்ளளவு, பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. கம்ப்ரஸர் இதுவரை தகராறு செய்ததில்லை. கேஸ் நிரப்பும் தேவையும் வரவில்லை. ஆனாலும் ஸ்குரூ டிரைவரும் பழைய வேட்டித் துணியுமாக இந்தப் பெட்டி என்னைத் தரையில் உட்கார வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் காரணம் தண்ணீர்தான். குளிர வைப்பதில் குறை சொல்ல முடியாத இயந்திரம், பிடித்த பனியை உருக்கி வெளியே அனுப்புவதில்தான் தடுமாறியது.

ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினால் கூலிங் காயில், அதாவது குளிரூட்டும் வளைவுக் குழாய், தெரியும். விசிறி அதன் வழியாகக் காற்றை இழுத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் ஈரக்காற்று அந்தக் காயிலில் பனியாகப் படிகிறது. படிந்ததை உருக்கக் காயிலை ஒட்டி ஒரு ஹீட்டர் உண்டு. கம்ப்ரஸர் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். இந்தக் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். உருகிய நீர் அடியிலுள்ள துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்புறம் கம்ப்ரஸரை ஒட்டிய தட்டில் சேர்ந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். புதிய மாடல்களில் டைமரின் இடத்தில் எலக்ட்ரானிக் போர்டும் சென்சாரும் இருக்கின்றன. மற்றபடி ஏற்பாடு அதேதான்.

முதலில் வந்த தொல்லை, காய்கறி டப்பாவுக்கு அடியில் குளம். துடைத்தால் மறுநாளே மீண்டும் தேங்கும். சில நாட்களில் கதவு வழியாகத் தரைக்கும் வழிந்தது. இப்படிக் கீழே தண்ணீர் கண்டால் மேலே பார்க்க வேண்டும். ஃப்ரீசரின் தரையில், மீன் பொட்டலங்களுக்கு அடியில், கண்ணாடித் தகடு போல ஐஸ் படிந்திருந்தது. வடிகால் துளை ஐஸால் அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஹீட்டர் பனியை ஒழுங்காக உருக்குகிறது. நீருக்குத்தான் இறங்க வழியில்லை. அது ஃப்ரீசரின் தரையில் பரவிப் பாதி உறைகிறது, மீதி குளிர்காற்று இறங்கும் பாதை வழியாகக் கீழறைக்கு வந்துவிடுகிறது.

பிளக்கைப் பிடுங்கி, சாமான்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கதவுகளையும் இரவு முழுக்கத் திறந்து வைத்தேன். காலையில் பலகையைக் கழற்றி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்துத் துளைக்குள் செலுத்தினேன். முதலில் நீர் எதிர்த்து மேலே வந்தது. சற்று நேரத்தில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்த சத்தம், பிறகு பின்புறத் தட்டில் சொட்டுச் சொட்டாக விழும் ஓசை. அதோடு நிறுத்தியிருந்தால் மறுபடியும் அடைத்திருக்கும். குழாயின் கீழ்முனையில் வெளிக்காற்று மேலேறாமல் தடுக்க ஒரு சிறிய ரப்பர் மூக்கு மாட்டியிருக்கிறார்கள். அதன் பிளவு கறுத்த சளி போன்ற அழுக்கில் ஒட்டிப்போயிருந்தது. கீழே அது திறக்காததால் நீர் குழாய்க்குள்ளேயே நின்று, மேலே துளை வரைக்கும் உறைந்திருக்கிறது. ரப்பரைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

அடுத்தது அதைவிடக் குழப்பமானது. ஃப்ரீசர் நன்றாக இருக்கிறது. கீழே வைத்த பால் மட்டும் திரிகிறது, இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிறது. பின்னாலிருந்து விசிறி எதிலோ உரசுவது போலக் கரகரவென்று சத்தம் வேறு. வந்த மெக்கானிக் பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிவிட்டது சார், நிரப்பினால் சரியாகிவிடும்" என்றார். மூவாயிரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். எனக்கு இடித்தது ஒரே விஷயம்தான். அதற்கு முந்தைய வாரம் ஊருக்குப் போனபோது ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டுத்தான் போயிருந்தோம். திரும்பி வந்து போட்டதும் சில நாட்கள் புதிது போலக் குளிர்ந்தது. கேஸ் கசிந்திருந்தால் அணைத்துப் போட்டதும் எப்படிச் சரியாகும்?

தெருமுனையில் ஏ.சி. பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அண்ணாச்சி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பலகையைக் கழற்றினார். காயிலே தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் போல முழுக்கப் பனி. விசிறியின் இறக்கை வரைக்கும் அது வளர்ந்திருந்தது. "கேஸ் இல்லாத காயிலில் இவ்வளவு பனி மூடுமா தம்பி?" என்றார். கேஸ் குறைந்தால் காயிலின் தொடக்கத்தில் ஓரிரு வளைவுகளில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மூடியிருந்தால் குளிரூட்டும் பக்கம் நலம், உருக்கும் பக்கம்தான் படுத்துவிட்டது என்று பொருள். பனிச் சுவர் காற்றை அடைத்துவிடுவதால்தான் கீழறைக்குக் குளிர் இறங்கவில்லை. அணைத்து வைத்தால் சுவர் தானாகக் கரைகிறது, சில நாட்களில் மறுபடி வளர்கிறது. 'கேஸ் போய்விட்டது' என்று யாராவது சொன்னால், பலகையைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உருக்கும் பக்கத்தில் சோதிக்க வேண்டியவை நான்கு: டைமர், ஹீட்டர், சூடு மீறினால் அறுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃபியூஸ், காயிலின் சூட்டைப் பொறுத்துத் தானே திறந்து மூடும் பைமெட்டல் சுவிட்ச். டைமரின் திருகை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் 'டக்' என்று கேட்கும். கம்ப்ரஸர் நின்று ஹீட்டருக்குப் போகும் இடம் அது. எங்களுடையதில் கம்ப்ரஸர் நின்றது, ஹீட்டர் சுடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை வைத்தோம். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஹீட்டரின் மின்தடை கிடைத்துவிடும். 230 வோல்ட்டில் 150 வாட் என்றால் ஏறக்குறைய 350 ஓம். ஹீட்டர் அதையொட்டிக் காட்டியது. ஃபியூஸ் எதுவும் காட்டவில்லை. எரிந்திருந்தது அதுதான்.

ஃபியூஸ் மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன், அண்ணாச்சி விடவில்லை. ஃபியூஸ் பெரும்பாலும் தானாகப் போகாது. காயில் சூடானதும் ஹீட்டரை நிறுத்த வேண்டிய பைமெட்டல் ஒட்டிக்கொண்டால் சூடு எல்லை மீறும், அப்போதுதான் ஃபியூஸ் உயிரை விடும் என்றார். பைமெட்டலைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அறை வெப்பத்தில் அது திறந்தே இருக்க வேண்டும், மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. நன்றாகக் குளிர்ந்த பிறகே அது மூடி மின்சாரத்தைக் கடக்க விடும். வெறும் ஐஸ்கட்டியின் குளிர் போதாமல் போகலாம். ஐஸோடு கல்லுப்பு சேர்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? எங்களுடையது ஐஸில் வைப்பதற்கு முன்பே மூடியபடி இருந்தது. இரண்டையும் மாற்றினோம். பாகங்களும் கூலியும் சேர்ந்து கேஸுக்குக் கேட்ட தொகையில் பாதியைத் தொடவில்லை. ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் ஃபோமும் சூழ்ந்த இடத்தில் கட்டுப்பாடில்லாத ஹீட்டர் தீ விபத்தில் முடியும்.

கத்தியால் ஐஸைக் குத்துவதும் வேண்டாம். காயில் மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு குத்து போதும், அதுவரை பொய்யாக இருந்த கேஸ் கதை உண்மையாகிவிடும். பின்புறப் பட்டையில் ஆர்600ஏ என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் வாயு.

கதவு ரப்பரைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. ரப்பர் ஓரிடத்தில் இளகினாலே பனி கூடுதலாகப் படியும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். இழுவையே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் கசிவு. பெரும்பாலும் கீல் பக்க மூலைகள்தான் முதலில் தளர்கின்றன. வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி மடிப்பை நீவிவிட்டால் கொஞ்ச காலம் ஓடும், கிழிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மழைக்காலத்தில் இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள பட்டையில் வியர்ப்பது மட்டும் பழுதல்ல, துடைத்தால் போதும்.

பின்புறத் தட்டு தனிக் கதை. மின்வெட்டு நீண்டாலோ ஊருக்குப் போனாலோ அதில் நீர் ஆவியாகாமல் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே தாராளம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது சும்மா இல்லை. ஃப்ரிட்ஜை முன்னால் இழுக்கும்போதெல்லாம் தட்டைத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். முன்கால்களைப் பின்கால்களைவிடச் சற்றே உயர்த்தி வைத்ததில் கதவும் தானாகச் சாத்திக்கொள்கிறது.

அம்மா வீட்டில் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டியில் இந்த வம்பெல்லாம் இல்லை. குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் பனி உருகும். பின்சுவரின் அடியிலுள்ள துளையில் கறிவேப்பிலை சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். எங்களைப் போல மீனும் மாவும் நிறைக்கும் வீட்டுக்கு இரட்டைக் கதவுதான் சரி. அடுத்து வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பார்ப்பதோடு, டிஃப்ராஸ்ட் ஹீட்டரும் ஃபியூஸும் தனித்தனியாகக் கிடைக்குமா, இல்லை மொத்தத் தொகுப்பாகத்தான் தருவார்களா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பேன்.