பழைய ஃபோர்க்லிஃப்ட்: ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் பழுதாகும்போது, மெக்கானிக் தந்த ரிப்பேர் எஸ்டிமேட்டையும் புது வண்டிக்கான கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரிப்பேர்தான் மலிவாகத் தெரியும். எப்போதும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டு தாள்களையும் நேராக ஒப்பிடவே கூடாது. ஒன்று இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதற்கான செலவு, மற்றது பல வருட ஓட்டத்துக்கான செலவு. இனி ஓடப்போகும் ஒரு மணி நேரத்துக்கு எந்த வண்டி எவ்வளவு தின்னும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புது வண்டியின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மணி நேரம் ஓட்டிவிட்டு விற்றால் 30 பங்கு திரும்பி வருகிறது, இடையில் பராமரிப்புக்கு 15 பங்கு போகிறது. ஆக, 100 மணி நேரத்துக்கு 0.85 பங்கு. பழைய வண்டிக்கு இப்போது 15 பங்கு ரிப்பேர். அது 1,500 மணி நேரம் தாங்கினால் 100 மணி நேரத்துக்கு 1 பங்கு ஆகிறது. அதாவது புதிது மலிவு. அதே ரிப்பேர் 3,000 மணி நேரம் தாங்கினால் 0.5 பங்குதான், பழையதே மேல். பில் மாறவில்லை, பதில் தலைகீழாகிவிட்டது. அதனால் மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்றும் கேளுங்கள். இதுவரை அந்த வண்டிக்குச் செலவழித்த பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த முடிவெடுத்தாலும் அது திரும்பி வரப்போவதில்லை.

வண்டியின் வயதை விட, ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் நம்பகமானது. தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் ஓடினால் 2,000 மணி நேரம். 10,000 மணி நேரத்தைத் தாண்டினால் செலவு ஏறத் தொடங்கும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தினம் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் வண்டி அந்த எண்ணைத் தொடவே முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் புது வண்டி வாங்குவது பணத்தை நிறுத்தி வைப்பதுதான். அங்கே நான் தயங்காமல் ரிப்பேர் பக்கம் நிற்பேன்.

அடுத்தது, எது பழுதாகியிருக்கிறது என்பது. சிலிண்டர் சீல், ஹோஸ், டயர், பிரேக் எல்லாம் தேய்வதற்காகவே இருப்பவை. இவற்றுக்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை. சுமையைத் தாங்கும் ஃபோர்க்கும் அதை மேலே தூக்கும் செயினும் அப்படித்தான், ஆனால் இவற்றில் தள்ளிப்போடவே கூடாது. ஃபோர்க் வளையும் இடத்தில் கனம் 10 சதவீதம் தேய்ந்தால், தூக்கும் வலிமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்துவிடும். கனத்தின் இருமடியைப் பொறுத்து வலிமை மாறுவதுதான் காரணம். அந்த அளவு வந்ததும் ஃபோர்க்கை மாற்ற வேண்டும், வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. செயின் 3 சதவீதம் நீண்டாலும் அதே கதைதான்.

சேசிஸில் விரிசல், மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) சேனலில் வளைவு, ரோலர் ஓடும் தடம் ஆழமாகத் தேய்வது ஆகியவை வேறு ரகம். இவை வண்டியின் எலும்புகள். இங்கே பழுது என்றால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு மாற்றுவதே சரி என்று தோன்றுகிறது. மேலே சுமை, கீழே ஆள் நடமாட்டம் என்று இருக்கும் இடத்தில் இதில் சமரசம் வேண்டாம்.

ஓவர்ஹால், அதாவது முக்கிய பாகங்களைக் கழற்றிப் புதுப்பிப்பது, நடுவழி. எஞ்சின், டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் பார்த்து, உதிரிபாகமும் தடையில்லாமல் கிடைத்தால் நல்ல வழிதான். இந்த வருடம் எஞ்சின், அடுத்த வருடம் டிரான்ஸ்மிஷன், அப்புறம் பம்ப் என்று போனால், ஒவ்வொரு தடவையும் "இவ்வளவு போட்டாயிற்றே" என்ற எண்ணமே அடுத்த பில்லுக்கும் கையெழுத்துப் போட வைக்கும்.

பேட்டரி வண்டியில் கேள்வி இன்னும் நேரடியானது. லெட் ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 1,500 சார்ஜ் தாங்கும். தினம் ஒன்று என்றால் ஐந்து வருடத்தை ஒட்டி வரும். புது பேட்டரி பெரிய செலவு. அதனால் அது ஓயும் நேரமே முடிவெடுக்கும் நேரம். லித்தியத்துக்கு மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பேட்டரியின் எடையும் முன்னால் இருக்கும் சுமைக்கு ஈடு கொடுக்கிறது. லித்தியம் எடை குறைவு. வண்டியில் பொருத்தியிருக்கும் விவரப் பிளேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச பேட்டரி எடைக்குக் கீழே போகக் கூடாது.

பிரேக்டவுனின் செலவு பில்லில் வராது. ஐந்து வண்டி இருக்கும் கிடங்கில் பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டி என்றால், அது நின்ற நாளில் லாரி காத்திருக்கும், ஆட்கள் சும்மா நிற்பார்கள், வாடகை வண்டி தேட வேண்டியிருக்கும். கடந்த ஒரு வருடத்தில் நின்ற நாட்களை எண்ணி, அந்த நஷ்டத்தையும் பழைய வண்டியின் கணக்கில் சேருங்கள். பல இடங்களில் முடிவு இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

மாற்றுவதென்று முடிவானால் வண்டி ஓடும்போதே மாற்றுங்கள். தானாக ஸ்டார்ட் ஆகி, சுமையைத் தூக்கிக் காட்டும் வண்டிக்குக் கிடைக்கும் விலை, மூலையில் நிற்கும் வண்டிக்குக் கிடைக்காது. ஆர்டர் கொடுத்துப் புது வண்டி வந்து சேரும்வரை வேலையைப் பார்க்கப்போவதும் இந்தப் பழையதுதான்.